கல்யாணத் திரையில் அடக்கப் பாட்டு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலருக்கு என்னைப் பற்றி ஒரு கதை வந்து சேர்ந்திருக்கும். பாறசாலைப் பக்கம் நடந்த ஒரு கல்யாணத்தில் நான் எழுதிய மென்பொருள் மாப்பிள்ளையை உயிரோடு அடக்கம் செய்துவிட்டது என்று. அது பொய். அடக்கம் செய்யவில்லை, அடக்கப் பாட்டு மட்டும்தான் பாடினோம். உண்மையை முழுதாகச் சொன்னால் இன்னும் கேவலம் என்பதால் அந்தப் பொய்யை நான் இதுவரை மறுக்கவில்லை. இப்போது ஓய்வு பெற்றாயிற்று. இனி என்னை யாரும் வேலையை விட்டு அனுப்ப முடியாது. ஆகவே தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிரல் ஓடும்போது கணினியின் மெமரியில், அதாவது நினைவகத்தில், இடம் கேட்டு வாங்குகிறது, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்தால் இடம் அடைபட்டுக்கொண்டே போய் எல்லாம் நின்றுவிடும். முடியும் முன்பே கொடுத்துவிட்டாலோ, நம் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கும், நமக்குத் தெரியாது. நான் பிழைத்த சி ப்ளஸ் ப்ளஸ் மொழியில் வாங்குவதும் கொடுப்பதும் நம் கைவேலை. இன்றைய மொழிகள் பலவற்றில் அதற்கென்று ஓர் ஏற்பாடு உண்டு, கார்பேஜ் கலெக்டர் என்று பெயர். எந்த இடத்தை இனி யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்து அதுவே எடுத்துக்கொள்ளும்.

நான் கைவேலைக் கட்சி. தொண்டன்கூட இல்லை, கிளைச் செயலாளர். தான் வாங்கியதைத் தானே திருப்பிக் கொடுக்கத் தெரியாதவனெல்லாம் ஏன் நிரல் எழுத வருகிறான் என்று கேன்டீனில் உரக்கப் பேசுவேன். பக்கத்து மேஜையில் கார்பேஜ் கலெக்டரை நம்பிப் பிழைக்கும் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் இன்னும் உரக்க.

எங்கள் நிறுவனம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. ஆராதனைப் பாட்டுகளைப் பெரிய திரையில் காட்டும் மென்பொருள் செய்தோம். இந்தப் பக்கத்துப் பழைய சபைகளில் பாதிப் பாட்டு தமிழ், பாதி மலையாளம். இரண்டு புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு நிற்க யாருக்கும் கை போதாது என்பதால் எங்களுக்குப் பிழைப்பு ஓடியது. பாட்டைத் தேடி எடுத்துத் தரும் உள்பகுதி என்னுடையது. விண்டோஸ், மேக், டேப்லெட் எல்லாவற்றுக்கும் அதே உள்பகுதிதான். மேலே தெரியும் பட்டன்களும் திரையும் மட்டும் ஒவ்வொன்றுக்கும் தனி. டேப்லெட்டுக்கு உரியதை, கார்பேஜ் கலெக்டர் உள்ள மொழியில், எழுதியவள் ஷைனி.

ஷைனி ஆரியங்கோட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அம்மா ரப்பர் வெட்டுகிறவர். மகளை பெங்களூருக்கு விடமாட்டேன் என்று அவர் பிடிவாதம். எனவே இந்த மருந்துக்கடை மாடியை விட்டால் ஷைனிக்குப் படித்த படிப்புக்கு வேறு வேலை அக்கம்பக்கத்தில் கிடையாது. ஆறு மாதச் சோதனைத் தவணையில் சேர்த்திருந்தார்கள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை தவணை முடிகிறது. அன்று அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று மேலாளர் சஜீவ் முடிவு செய்வார். அந்த வாரத் திங்கட்கிழமைதான் நான் முதலில் சொன்ன கல்யாணம்.

கல்யாணம் நடந்த சபைதான் டேப்லெட்டில் எங்கள் மென்பொருளை வாங்கிய முதல் சபை. மணமகள் சபைச் செயலாளரின் மகள். ஷைனி டேப்லெட்டோடு பீடத்துக்குப் பக்கவாட்டில் நின்றாள். நான் நாலாவது வரிசையில், பாராட்டு வந்தால் எழுந்து நிற்க வசதியாக, ஓரத்து இருக்கையில்.

கல்யாணப் பாட்டு அருமையாகப் போனது. கடைசிச் சரணம் முடிந்தது. ஷைனி ‘முடிந்தது’ பட்டனைத் தட்டினாள். திரை வெறுமையானது. போதகர் வாயைத் திறந்தார்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு முடிந்து, கீபோர்டுக்காரர் கையை எடுத்து, போதகர் மூச்சை இழுக்கும்போது, மூன்றாவது வரிசையிலிருந்து ஓர் அக்காவின் குரல் பல்லவியை மறுபடி எடுக்கும். எல்லாச் சபையிலும் அப்படி ஓர் அக்கா இருப்பார். அவர் எடுத்தால் சபை முழுக்கச் சேர்ந்துகொள்ளும், போதகர் வாயை மூடிக்கொள்வார். அன்றும் அக்கா எடுத்தார். ஷைனி பதறாமல், முடிந்த பாட்டைத் திரும்பக் கொண்டுவரும் ‘பின்னால்’ பட்டனைத் தட்டினாள். திரையில் எழுத்து வந்தது.

ஓடிய ஓட்டம் ஓய்ந்ததே, உறங்கிடு நண்பா நிம்மதியாய்.

கல்லறைக்குப் போகும் வழியில் பாடுகிற பாட்டு. இதில் பெரிய சங்கடம் என்னவென்றால் இரண்டு பாட்டுக்கும் மெட்டு ஒன்று. திரையில் என்ன வந்தாலும் பாடிப் பழகிய கூட்டம், மாப்பிள்ளையைப் பார்த்து இரண்டு வரியை உருக்கமாகப் பாடி முடித்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பழக்கத்தில் எழுந்து தலை குனிந்துகொண்டார். என் பின்னால் இரண்டு பேர்.

“எலே, இது அடக்கப் பாட்டுல்லா?”

“பாடுலே மக்கா. கல்யாணந்தானே, உள்ளதத்தான் போட்டிருக்காவ.”

ஆராதனை முடிந்ததும் செயலாளர் நேராக என்னிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது.

“சாரே, எனக்க மவளுக்க கல்யாணமாக்கும் இது!”

ஒரு நொடிகூட யோசிக்காமல் நான் சொன்ன பதிலை இன்றுவரை மறக்கவில்லை. “டேப்லெட்டுக்க கொழப்பமாக்கும். எனக்குள்ளது இல்ல” என்றேன். சொல்லிவிட்டு, அவருக்கு வழி தெரியாமல் போய்விடக் கூடாதே என்று, ஷைனி நின்ற பக்கம் கையையும் காட்டினேன்.

பிறகு சாப்பிடப் போனோம். இவ்வளவுக்குப் பிறகும் சாப்பிட்டீர்களா என்று கேட்காதீர்கள். அடைப்பிரதமன் பாயசம் இருந்தது.

பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் பாயசம் முடிந்ததும் எழுந்து போனார். நான் ஒழுங்குக்காரன் அல்லவா, அவர் இலையை மடித்துவிட்டேன். பரிமாறுகிறவர் எடுத்துப் போனார். அடுத்த நிமிடம் அந்த இடத்தில் வேறொருவர் வந்து உட்கார்ந்து, புது இலை போட்டு, பருப்புக்கு நெய் வாங்கிவிட்டார். அப்போது பழைய ஆள் போனும் கையுமாகத் திரும்பி வந்தார்.

“எனக்க இலை எங்க?”

“எழும்பிப் போனியளே” என்றேன்.

“போன் வந்துது, எழும்பினேன். இனியும் மோரு உண்டுல்லா!”

புதியவர் தலையை நிமிர்த்தவில்லை. எதிர் வரிசையில் இருந்த ஷைனி அழுத முகத்தோடு மெதுவாகச் சொன்னாள்: “சாரே, அவரு கை கழுவல்ல. எச்சிக் கையோடயாக்கும் போனது. பாக்கல்லியா?”

“நீ சாப்பிடு பிள்ளே” என்றேன்.

இதை இங்கே எதற்குச் சொல்கிறேன் என்று கெட்டிக்காரர்களான உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு அன்று புரியவில்லை. அந்த நேரம் பார்த்து எனக்கு இரண்டாம் முறை பாயசம் வந்தது.

செவ்வாய்க்கிழமை சஜீவ் கூட்டம் கூட்டினார். நெய்யாற்றின்கரைக்காரர். கோபம் வந்தால் முழு மலையாளம், கோபம் இல்லாவிட்டால் பாதி மலையாளம். நான் வெள்ளைப் பலகையில் படம் போட்டேன். கார்பேஜ் கலெக்டருக்கு மீசையெல்லாம் வரைந்தேன். பாட்டு நடுவில் இருக்கும்போதே இந்த ஆசாமி வந்து அதை வாரிக்கொண்டு போய்விட்டான், அதுதான் காரணம் என்று விளக்கினேன்.

ஷைனி எழுந்தாள். “சார், பின்னால போறதுக்காக அந்தப் பாட்ட நான் பிடிச்சு வச்சிருக்கேன். பிடிச்சு வச்சிருக்கறத கார்பேஜ் கலெக்டர் எடுக்காது.”

“பிள்ளே, நீ பிறக்கதுக்கு முன்னயே நான் மெமரிய விட்டுக்கிட்டு இருக்கேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்தால் எனக்கு நிதானம் போய்விடும். “விண்டோஸ்லயும் எனக்க உள்பகுதிதானே? அங்க ஒரு கொழப்பமும் இல்ல. டேப்லெட்ல மட்டும் வாறதுண்ணா அது ஆருக்க குத்தம்?” என்று முடித்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஓர் இடத்தில் ஓடுவது, சரியாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது. அங்கே இன்னும் மாட்டிக்கொள்ளவில்லை என்பதற்குத்தான் சாட்சி. இது எனக்கு அன்றே தெரியும். இருபது வருடமாகப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தும் வந்திருக்கிறேன். தன் விஷயம் என்று வரும்போது அறிவு லீவு போட்டுவிடுகிறது.

சஜீவ் சொன்னார்: “வெள்ளியாழ்ச்சைக்கு முன்னே சரியாக்கணும். இல்லெங்கில் ஷைனியோட காரியம் அப்போ நோக்காம்.” அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஷைனி தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். பலகையில் மீசைக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

புதன் முழுக்கத் தட்டினோம். ‘முடிந்தது’, ‘பின்னால்’, ‘முடிந்தது’, ‘பின்னால்’. ஒவ்வொரு முறையும் கல்யாணப் பாட்டு சமர்த்தாகத் திரும்பி வந்தது. வியாழன் காலையும் அப்படியே. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்: பிழை மறுபடி வராவிட்டால் பலகையில் நான் போட்ட படம் நிற்கும். ஷைனிக்குக் கடிக்க நகம் தீர்ந்துகொண்டிருந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்தவள் சொன்னாள்: “சாரே, பாடிப் பாப்பமா?”

“என்னத்த?”

“பாட்டத்தான். நம்ம இதுவர ஒருக்கலும் பாடல்ல. விரலால குத்திக்குத்தியாக்கும் பாத்தோம். கோயில்ல ஆளுவ பாடுதாவல்லா?”

“எனக்குப் பாட்டு வராது.”

“அது எனக்கு அறியும். கிறிஸ்மஸுக்குக் கேட்டேன்.”

டேப்லெட்டை என் கையில் கொடுத்தாள். பாடினோம். அவளுக்கு நல்ல குரல். என்னுடையது கீழே இருந்த மருந்துக்கடைக்காரருக்கும் கேட்கும் குரல். இரண்டாம் சரணத்தில் அவர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

“சாரே, ஆருக்காவது தீனமா? மருந்து வல்லதும் வேணுமா?”

“சோதன நடக்கு அண்ணே” என்றாள் ஷைனி.

“அது கேட்டாலே அறியும்” என்று இறங்கிப் போனார்.

பாட்டு முடிந்தது. ‘முடிந்தது’ தட்டினேன். திரை வெறுமையானது. ஒரு மூச்சு விட்டோம். பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல, என்னை வளர்த்த சபைதான் பொறுப்பு. மூன்றாவது வரிசை அக்காவைப் போலவே பல்லவியை நானே மறுபடி எடுத்துவிட்டேன். கை தானாக ‘பின்னால்’ தட்டியது.

ஓடிய ஓட்டம் ஓய்ந்ததே.

நாங்கள் இருவரும் திரையைப் பார்த்தோம். பிறகு ஷைனி என்னைப் பார்த்தாள். நான் தொடர்ந்து திரையையே பார்த்தேன், அது பாதுகாப்பாக இருந்தது.

அவள் உட்கார்ந்து இரண்டு பாட்டும் நினைவகத்தில் இருந்த முகவரியை அச்சிட்டுக் காட்டினாள். ஒரே முகவரி. கல்யாணப் பாட்டு இருந்த வீட்டில் அடக்கப் பாட்டு குடியேறியிருந்தது. நடந்தது இதுதான். பாட்டு முடிந்த நொடியே அதன் இடத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் கொள்கை. விட்டபின் நாலைந்து வினாடி சும்மா இருந்தால், அடுத்த எண் பாட்டை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும்படியும் எழுதியிருந்தேன், அது என் சாமர்த்தியம். பாட்டுப் புத்தகத்தில் கல்யாணப் பகுதி முடிந்த மறுபக்கமே அடக்கப் பகுதி தொடங்குகிறது. புத்தகம் தொகுத்தவருக்கு வாழ்க்கையைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது. டேப்லெட்டில் இடம் குறைவு. காலியான இடத்தைப் புதுப் பாட்டு உடனே பிடித்துக்கொண்டது. விண்டோஸில் புதுப் பாட்டு வேறு இடம் தேடிப் போனதால், விட்டுவிட்ட பழைய இடத்தில் பழைய வரிகள் அழியாமல் கிடந்தன. அங்கேயும் நான் செத்த பாட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன், அது பார்க்க உயிரோடு இருந்தது. எங்கள் விரல்கள் அவசரப்பட்டதால் புதன்கிழமை பிழை வரவில்லை. பாடுகிறவர்கள் மூச்சு விட்டுக்கொள்வார்கள்.

கார்பேஜ் கலெக்டர், பாவம், ஒன்றுமே செய்யவில்லை. ஷைனியின் பக்கம் பாட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அது மரியாதையாக ஒதுங்கி நின்றது. அடியிலிருந்து இடத்தை உருவியவன் நான்.

“விடுத வரி எங்க இருக்குண்ணு பாக்கட்டா?” என்று கேட்டுக்கொண்டே ஷைனி என் நிரலைத் திறந்தாள். பாட்டு முடியும் அந்த வழியில் இடத்தை விடுகிற வரி ஒன்றே ஒன்று. அதற்கு மேலே நான் எழுதி வைத்திருந்த குறிப்பை அவள் சத்தமாக வாசித்தாள்: “வேண்டுமென்றே செய்தது. யாரும் கை வைக்க வேண்டாம்.” கீழே என் பெயர்.

“அத வாசிக்காத பிள்ளே.”

“கை வைக்கத்தான் கூடாதுண்ணு இருக்கு சாரே. வாசிக்கலாம்.”

சரிசெய்யப் பத்து நிமிடம் ஆனது. ஒரு பாட்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, கடைசி ஆளும் விட்டபிறகு இடத்தை விடுவது. நடந்ததை எப்படிச் சொல்வது என்று யோசிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. சஜீவுக்குக் கடிதம் எழுதினேன். “டேப்லெட் பகுதிக்கும் உள்பகுதிக்கும் இடையே இருந்த புரிதல் குறைபாடு கண்டறியப்பட்டுக் களையப்பட்டது.” எவ்வளவு அழகான வாக்கியம் பாருங்கள். இதில் பொய் கிடையாது. உண்மையும் கிடையாது. குறைபாடு தானாக வந்து, தானாகக் கண்டறியப்பட்டு, தானாகப் போயிருக்கிறது. அனுப்பும் முன்பு ஷைனியிடம் காட்டினேன், நான் எவ்வளவு நியாயமானவன் என்று அவளுக்குத் தெரியட்டும் என்று.

அவள் இரண்டு முறை வாசித்தாள். “இதுல உங்க பேரும் இல்ல, எனக்க பேரும் இல்ல.”

“அதுதானே நல்லது?”

“செவ்வாய்க்கிழம நீங்க எனக்க பேரச் சொல்லியாச்சு சாரே. இத வாசிச்சா சஜீவ் சாருக்கு அந்தப் பேருதான் ஓர்ம வரும்.” பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “பஸ்ஸு போயிரும். வாறேன்.”

சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சண்டைக்கு என்னிடம் எப்போதும் சரக்கு உண்டு. அவள் போய்விட்டாள். அந்த வாக்கியத்தோடு நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். பிழையைக் கண்டுபிடித்த நேரத்தைவிடச் சிரமமான நேரம் அது. உங்களுக்கும் ஒருநாள் வரும். அப்போது நீங்கள் எழுதுகிற வாக்கியத்தில் யார் செய்தார் என்பது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் அநேகமாக நீங்கள்தான் செய்திருப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை சஜீவின் மேஜையில் ஷைனியின் கோப்பு திறந்து கிடந்தது. கடிதத்தை நான் அனுப்பவில்லை, நாற்காலியில் உட்காராமலே நேரில் சொன்னேன்.

“விட்டது நானாக்கும். அவ கடைசி வர பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. டேப்லெட்ல ஒரு தப்பும் இல்ல.”

சஜீவ் கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ சொவ்வாழ்ச்ச ஒரு மணிக்கூர் பறஞ்ஞதோ?”

“செவ்வாய்க்கிழம பேசுனது முப்பத்தஞ்சு நிமிஷம்.”

“சரி. ஆ முப்பத்தஞ்சு நிமிஷம்?”

“எல்லாம் தப்பு. மீசை உட்பட.”

அவர் சிரிக்கவில்லை. போனை என் பக்கம் தள்ளினார். “பெண்ணோட அச்சனை விளிக்கு. ஸ்பீக்கர்ல இடு.”

ஷைனியும் உள்ளே வந்து பக்கத்தில் நிற்க, மணமகளின் அப்பாவான செயலாளரை அழைத்தேன். அன்று நான் கை காட்டியது தவறு, குற்றம் என்னுடையது என்றேன்.

“அப்ப அந்தப் பிள்ள ஒண்ணும் செய்யல்லியா?”

“இல்ல. நானாக்கும்.”

“ஒரு காரியம் கேக்கட்டா சாரே? எனக்க மருமவன் இப்பம் என்ன வேல சொன்னாலும் ‘ஓடிய ஓட்டம் ஓய்ந்ததே’ண்ணு பாடிக்கிட்டுக் கெடக்கான். எழும்ப மாட்டேங்கான். இதுக்கு உங்க மெசின்ல வழி வல்லதும் உண்டா?”

அப்போதுதான் சஜீவ் சிரித்தார். சிரித்துக்கொண்டே கோப்பில் கையெழுத்துப் போட்டார். கூடவே இன்னொரு உத்தரவும்: என் நிரலில் இடத்தை விடுகிற வரிகள் எத்தனை உண்டோ அத்தனையையும் இனி ஷைனி பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே அனுப்ப வேண்டும். இருநூறுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு திமிர்பிடித்த குறிப்பு.

வெளியே வந்ததும் ஷைனி படிக்கட்டில் நின்று வீட்டுக்குப் போன் செய்தாள். நான் காது கொடுக்காதவன் மாதிரி இரண்டு படி தள்ளி நின்றேன்.

“அம்மா, எனக்கு வேல நிலைச்சாச்சு… ஓம், சத்தியமாட்டு… ஆரு, அந்தச் சாரா?” என்னைத் திரும்பிப் பார்த்தாள். குரலைக் கொஞ்சமும் தாழ்த்தவில்லை. “அவரையும் போகச் சொல்லல்ல. கொஞ்ச நாள் பாக்கலாம்ணு வச்சிருக்காவ.”